பேச்சுக் கொடுப்பது வேறு, வாயைப் பிடுங்குவது வேறு

கேள்வி இது: "தூத்துக்குடியிலிருந்து பெங்களூரு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒயிட்ஃபீல்டில் வேலை. லிஃப்ட், கேன்டீன், மெட்ரோ, பிஜி, எங்கு பார்த்தாலும் வேறு வேறு ஊர்க்காரர்கள். ஆபீஸுக்கு வெளிநாட்டுக்காரர்களும் வந்து போகிறார்கள். பேச ஆசையாக இருக்கிறது. ஆனால் எவரிடமும் பேச்சு இரண்டு வரிக்கு மேல் நகர்வதில்லை. சிலருக்கு முகமே சுருங்கிவிடுகிறது. எங்கே தப்பு நடக்கிறது?"

தமிழில் நாம் ஒருவருக்குப் பேச்சுக் கொடுக்கிறோம். சில சமயம் ஒருவரின் வாயைப் பிடுங்குகிறோம். நீங்கள் செய்ய நினைப்பது முதலாவது. எதிராளிக்குப் பெரும்பாலும் இரண்டாவதாகப் படுகிறது. உங்கள் பேச்சு நின்றுபோவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

நம் ஊர் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கேட்கும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, என்ன வேலை, கல்யாணம் ஆச்சா, எத்தனை பிள்ளைகள். யாரும் கோபப்படுவதில்லை. ஏனென்றால் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு கொக்கி காத்திருக்கிறது. "கோவில்பட்டியா? எங்க சித்தி வீடு அங்கதான்" என்று மாட்டிவிட்டால் போதும், அந்நியர் அண்ணன் ஆகிவிடுவார், அக்கா ஆகிவிடுவார். கேள்வி கேட்பதே உறவுமுறை தேடத்தான். ஐஸ்வாலிலிருந்தோ ஹாம்பர்க்கிலிருந்தோ வந்தவரிடம் அந்தக் கொக்கி மாட்ட இடமில்லை. அப்போது கேள்வி மட்டும் தனியாக நிற்கும். பதில் சொல்ல வேண்டியவருக்கு அது விசாரணை மாதிரி இருக்கும்.

அதனால் அடிப்படைப் பழக்கம் ஒன்றை மாற்றுங்கள்: கேட்பதற்கு முன்னால் கொடுங்கள். உங்களைப் பற்றிய சின்னத் தகவல் ஒன்று, அதை ஒட்டி ஒரு கேள்வி, அவர் பதிலில் வந்த ஒரு சொல்லைப் பிடித்து அடுத்தது. "வீக்கெண்ட் என்ன பண்ணீங்க?" என்று மொட்டையாகக் கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்றுதான் வரும். "சனிக்கிழமை முதல் தடவையா கப்பன் பார்க் போனேன், உள்ள போனா வெளிய வர வழி தெரியல, நீங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டால் அவருக்குப் பிடித்துக்கொள்ள பூங்கா, வழி தவறியது, முதல் தடவை என்று மூன்று பிடிகள் கிடைக்கின்றன. எதையாவது ஒன்றைப் பிடிப்பார். அவர் பிடித்ததையே நீங்களும் பிடியுங்கள். உங்கள் மனசில் தயாராக வைத்திருந்த அடுத்த கேள்வியை விட்டுவிடுங்கள். இரண்டு கேள்விகளை அடுத்தடுத்துக் கேட்டுவிட்டால், மூன்றாவதாக வருவது கேள்வியாக இருக்கக் கூடாது.

போலந்தில் பிறந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இலேயே இந்த வகைப் பேச்சைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்கே சொல்லின் பொருள் முக்கியமல்ல, பேசிக்கொள்வதே உறவைக் கட்டுகிறது என்பது அவர் கண்டது. "சாப்டாச்சா?" என்பவர் நம் வயிற்றைப் பற்றி அறிய வரவில்லை என்பது நமக்கும் தெரியும். ஆகவே புத்திசாலித்தனமாகப் பேச வேண்டுமே என்ற பயத்தை விடுங்கள். மழை, கியூ, காபி, சில்க் போர்டு டிராஃபிக், இரண்டு பேர் கண்ணுக்கும் முன்னால் இருக்கும் எதுவும் போதும்.

இனி பெங்களூருக்கு வருவோம். முதலில் கன்னடக்காரர்கள். தமிழருக்கு மிக எளிதானது இவர்களிடம் பேசுவதுதான். நாம் மிக அலட்சியமாகக் கெடுத்துக்கொள்வதும் இதைத்தான். நம் கேள்விமுறை அப்படியே செல்லுபடியாகும் இடம் இது. காலையில் "திண்டி ஆய்த்தா?", மதியம் "ஊட்டா ஆய்த்தா?", நம் "சாப்டாச்சா"வேதான். பதில் "ஆய்த்து, நிம்து?" என்று திரும்ப வேண்டும். அந்த "நிம்து", அதாவது "உங்களுது", விட்டுப்போனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஒரு தர்ஷினியில் இது எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். கவுன்டரில் காசு கட்டி பில் வாங்கி, அதை உள்ளே நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டு, நெஞ்சுயர வட்ட மேஜையில் நின்றபடி சாப்பிடும் கடை. இடம் குறைவு என்பதால் முன்பின் தெரியாதவருடன் மேஜையைப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். உங்களுக்குக் கிடைப்பது ஐந்து, ஏழு நிமிடம். ஒரு பெரியவர் நிற்கிறார்.

"சார், இல்லி நிந்த்கோபஹுதா?" இங்கே நிற்கலாமா என்று அனுமதி கேட்கிறீர்கள். அனுமதி கேட்பதைவிட நல்ல தொடக்கம் கிடையாது; யாரும் மறுப்பதில்லை, "பன்னி பன்னி" என்பார். உடனே பேச வேண்டாம். ஒரு வாய் சாப்பிடுங்கள்.

"காரா பாத் சென்னாகிதே. நம்ம கடே இதன்ன உப்மா அந்தாரே." காரா பாத் நன்றாக இருக்கிறது, எங்கள் பக்கம் இதை உப்புமா என்பார்கள். கேள்வி கேட்காமல் இரண்டைக் கொடுத்துவிட்டீர்கள்: நீங்கள் வெளியூர், அவர் ஊர்ச் சாப்பாடு பிடித்திருக்கிறது. ("கடே" என்றால் பக்கம், நம் கடை கன்னடத்தில் "அங்கடி".)

"ஓ, தமிழ்நாடா? யாவ ஊரு?" என்று அவரே கேட்பார். இங்கேதான் பலர் "தூத்துக்குடி" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவருக்கு அந்த ஊரைப் பற்றி எதுவும் தெரியாமல் இருக்கலாம். "தூத்துக்குடி சார். சமுத்ரத பக்க. உப்பு மாடோ ஊரு. நிம்து?" கடலோரம், உப்பு விளையும் ஊர். உப்பு இரண்டு மொழியிலும் உப்புதான். "மாடு" என்றால் கன்னடத்தில் செய் என்று அர்த்தம். முதல் வாரம் நமக்கு விசித்திரமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

"சன்னபட்டண" என்கிறார். மைசூரு சாலையில் இருக்கும் ஊர், மர பொம்மைக்குப் பேர்போனது. "ஓ, கொம்பெ ஊரு! ஈகலூ மரதல்லே மாட்தாரா?" இன்னமும் மரத்தில்தான் செய்கிறார்களா? இந்த ஒரு வரிக்குப் பிறகு அவர்தான் பேசுவார். அங்கே பொம்மைக்குப் பரம்பரையாகப் பயன்படும் ஆலெ மரம் நம் ஊர் வெட்பாலை என்பதும், சாயம் கலந்த அரக்கைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்தி மெருகேற்றுவார்கள் என்பதும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. தெரியாவிட்டால் கேளுங்கள். ஒருவருக்குத் தன் ஊரைப் பற்றிச் சொல்லித்தர வாய்ப்புக் கிடைப்பது பெரிய சந்தோஷம்.

கன்னடத்தில் மரியாதை வினைச்சொல்லின் வால் எழுத்தில் இருக்கிறது. ஹேளி, பன்னி, கூத்கொள்ளி என்றால் சொல்லுங்க, வாங்க, உட்காருங்க. ஹேளு, பா, கூத்கோ என்றால் சொல்லு, வா, உட்கார். நாம் "ங்க"வைத் தேடிப் பழகியதால் அந்த "இ" காதில் விழுவதில்லை. அறுபது வயதுக்காரரிடம் "ஹேளு" என்றுவிடுகிறோம். நீங்கள் புதுசு என்று பொறுத்துக்கொள்வார்கள், ஆனால் மனசில் நிற்கும். சந்தேகம் வந்தால் "இ" போட்டே பேசுங்கள். ஆட்டோக்காரரை "அண்ணா" என்று கூப்பிடலாம். "அக்கா", "அம்மா" எல்லாம் நம் முறைதான். "குரு", "மகா" என்பவை கூட்டாளிகளுக்குள் புழங்குபவை, முதல் சந்திப்புக்கு வேண்டாம். தப்பு வரும் என்று பயமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "நங்கெ கன்னட ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தே, கலீத்தா இதீனி, தப்பாத்ரே ஹேளி." கொஞ்சம் கொஞ்சம் வரும், கற்றுக்கொண்டிருக்கிறேன், தப்பானால் சொல்லுங்கள். இந்த ஊரில் இதைவிட நன்றாகக் கதவு திறக்கும் வாக்கியம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

நம் "ப" பல சொற்களில் அங்கே "ஹ" ஆகும்: பால் ஹாலு, பத்து ஹத்து, பூ ஹூவு, புலி ஹுலி. நம் "வ" பல இடங்களில் "ப" ஆகும்: வா என்பது பா, வேண்டும் என்பது பேகு. கேட்பதைப் புரிந்துகொள்ள இது அருமையான சாவி. ஆனால் இதை வைத்து நீங்களாகச் சொல் செய்து பேசாதீர்கள். பெண் என்பது ஹெண்ணு. பிணம் என்பது ஹெண. ஒரு எழுத்தை விழுங்கினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அல்சூர், சிவாஜிநகர் பக்கம் கடைக்காரர் உங்கள் உச்சரிப்பைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிடலாம். மாறட்டும். ஆனால் மாறுவது அவராக இருக்க வேண்டும், "தமிழ் தெரியுமா?" என்று எடுத்த எடுப்பில் கேட்பது, உன் ஊரில் என் மொழியில் பேசு என்பது போல ஆகிவிடும். இதைவிடப் பெரிய தவறு இரண்டு தமிழர் சேர்ந்துவிட்டால் நடப்பது. மூன்று பேர் நிற்கும் இடத்தில் இருவர் தமிழில் இறங்கினால், மூன்றாமவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிப்பார். அவர் எதுவும் சொல்ல மாட்டார். அடுத்த முறை உங்களோடு நிற்கவும் மாட்டார்.

தொடக் கூடாத பேச்சு மூன்று. ஒன்று, காவிரி. 1991-இலும் 2016-இலும் இந்த நகரத்துத் தமிழர்கள் அதற்காகப் பட்ட பாடு இன்னும் நினைவில் இருக்கிறது. கர்நாடகத்து மண்டியா விவசாயிக்கும் அது வாழ்க்கைப் பிரச்சினை. மழையைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள், அணை நீர்மட்டத்தை நீங்கள் எடுக்காதீர்கள். அவரே எடுத்தால், "ரெண்டு பக்கமும் விவசாயிதானே சார் கஷ்டப்படுறாங்க, உங்க ஊர்ல இந்த வருஷம் மழை எப்படி?" என்று நகர்த்துங்கள். இரண்டு, எந்த மொழி மூத்தது என்பது. கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்ற ஒரு வாக்கியத்தால் 2025 மே மாதம் எவ்வளவு சச்சரவு ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். மொழியியல்படியும் அது சரியில்லை: இரண்டும் ஒரே பழந்திராவிட மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதே ஏற்கப்பட்ட கருத்து. மூன்று, "இங்க தமிழ்நாடு மாதிரி இல்ல" என்று எதை எடுத்தாலும் ஒப்பிடுவது. சாம்பார் இனிக்கிறது என்பதும் இதில் சேரும். அது அவர்கள் அம்மா வைக்கும் சாம்பார்.

பேச நல்ல விஷயங்கள் எவ்வளவோ இருக்கின்றன. கன்னடர் கணக்கில் சைத்திர மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் பெங்களூரு கரகத் திருவிழாவில் திகளர் சமூகத்தார் தூக்கும் பூங்கரகம் மஸ்தான் சாகிப் தர்காவில் நின்று போகும். ஏன் என்று கேட்டால் பழைய பேட்டைக்காரர் ஒருவர் அரைமணி நேரம் சொல்வார். அதே கன்னடக் கணக்கில் கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கடலெக்காய் பரிஷெ என்ற திருவிழா, தெரு முழுக்க நிலக்கடலைக் குவியல். ராகி முத்தேயை (களியுருண்டையை) மெல்லாமல் எப்படி விழுங்குவது என்று கேட்டுப் பாருங்கள். அல்சூரில் திருவள்ளுவர் சிலையும் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் 2009 ஆகஸ்டில் சில நாள் இடைவெளியில் திறக்கப்பட்டன. சர்வக்ஞரின் மூன்றடிப் பாட்டு ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, பதிலுக்கு ஒரு குறள் சொன்னால் இரண்டு பேருக்குமே நிறைவாக இருக்கும். கர்நாடகத்துக்காரர் எல்லாரும் வீட்டில் கன்னடம் பேசுபவர் என்றும் நினைத்துவிடாதீர்கள். மங்களூருக்காரர் வீட்டில் துளுவோ கொங்கணியோ இருக்கும், குடகுக்காரர் வீட்டில் கொடவ மொழி. "வீட்டில் என்ன பேசுவீங்க?" என்பது யாரிடமும் கேட்கக்கூடிய நல்ல கேள்வி.

இதே கேள்விதான் வடக்கிலிருந்து வந்தவர்களிடமும் உதவும். நம்மை "மதராசி" என்றால் கசக்கிறது. ஒடியாக்காரரையும் வங்காளியையும் "ஹிந்திக்காரர்" என்று நாமும் அதையேதான் செய்கிறோம். பீகாரிலேயே மைதிலி, போஜ்புரி, மகஹி என்று வீட்டுமொழிகள் இருக்கின்றன. ஹிந்தியில் பேசுவதானால் "தும்" வேண்டாம், "ஆப்" போதும். உங்களை "மதராசி" என்றால் முகத்தைத் திருப்பாமல், "தமிழ்நாடு, தூத்துக்குடி, உப்பு விளையுற ஊர்" என்று சரியான பெயரைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை அவர் அதைத்தான் சொல்வார்.

வடகிழக்கு மாநிலத்தவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். 2012 ஆகஸ்டில் வதந்திக்குப் பயந்து ஆயிரக்கணக்கானோர் இந்த நகரத்து ரயில் நிலையத்தில் குவிந்து ஊர் திரும்பினார்கள், "சீனாவா, நேபாளா?" என்று அவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள். "நாய்க்கறி சாப்பிடுவீங்களா?" என்பதும் அப்படித்தான். எட்டு மாநிலங்களின் பெயரையும் தலைநகரங்களையும் ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிடுங்கள். நாகாலாந்து என்று ஒருவர் சொன்னதும் "கோஹிமா பக்கமா, திமாப்பூர் பக்கமா?" என்று கேட்க முடிந்தால் அவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம். அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் போக வெளிமாநில இந்தியருக்கு இன்னர் லைன் பெர்மிட் வேண்டும், "நான் வந்தா பெர்மிட் எப்படி எடுக்கணும், எந்த மாசம் நல்லா இருக்கும்?" என்பது, உங்கள் ஊருக்கு வர விரும்புகிறேன் என்று சொல்வது போலத்தான். குவாஹாட்டிக்கே ரயிலில் இரண்டு நாளுக்கு மேல். வீட்டுக்குப் போய் எவ்வளவு நாள் ஆச்சு என்றும் கேட்கலாம். மணிப்பூர்க்காரரிடம் மட்டும் மெய்த்தேயா குக்கியா என்று கேட்டுவிடாதீர்கள். 2023 மே முதல் அங்கே நடந்ததில் அவர் யாரை இழந்தார் என்று நமக்குத் தெரியாது.

வெளிநாட்டவர் விஷயத்தில் சிக்கல் பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது, நம் அக்கறை ஆங்கிலத்தில் வேறாகிவிடும். பன்னிரண்டரை மணிக்கு அமெரிக்கரிடம் "சாப்டீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டால், சாப்பிடக் கூப்பிடுகிறீர்கள் என்று எழுந்து வந்துவிடலாம். (சீனப் பெரியவர்களிடம் இந்தக் குழப்பம் வராது, அவர்களுக்கும் அது பழைய வணக்கம்தான்.) "இளைச்சுட்டீங்க", "கொஞ்சம் வெயிட் போட்டுட்டீங்க" என்பது நமக்குப் பாசம், அவர்களுக்கு உடம்பைப் பற்றிய விமரிசனம். சம்பளம், வயது, கல்யாணம், குழந்தை, மதம், இந்த ஐந்தையும் அவர்களாகச் சொன்னால் ஒழியக் கேட்காதீர்கள். அவர்கள் "ஹவ் ஆர் யூ" என்பதும் நம் "சாப்டாச்சா" மாதிரிதான், தலைவலியை விவரிக்க வேண்டாம், "நல்லா இருக்கேன், நீங்க?" போதும்.

இரண்டாவது, இடைவெளி. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வில், ஆமாம் இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்கு ஜப்பானியர் ஏறத்தாழ இடைவெளியே விடாமலும், டேனிஷ் பேசுவோர் சராசரியாகக் கிட்டத்தட்ட அரை நொடி விட்டும் பதில் சொன்னார்கள். அரை நொடி சின்னதாகத் தெரியும். பேச்சில் அது பெரியது. அவர் மூச்சு இழுப்பதற்குள் நாம் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். வீடியோ காலில் இணையத் தாமதமும் சேர்ந்துகொள்ளும். கேட்டுவிட்டு மனசுக்குள் "ஒண்ணு, ரெண்டு" எண்ணுங்கள். ஜப்பானியர் நடுநடுவே "ஹை, ஹை" என்றால் ஒத்துக்கொண்டார் என்று பொருளில்லை, நம் "ம்" போல, கேட்கிறேன் என்கிறார்.

மூன்றாவது, தலையாட்டல். நாம் பக்கவாட்டில் ஆட்டுவது சம்மதம். புதிதாக வந்தவருக்கு அது மறுப்பு, அல்லது புரியவில்லை. தலை ஆடினால் வாயும் கூடவே "யெஸ்" சொல்லட்டும்.

சாப்பிடக் கொடுத்துப் பேச்சைத் தொடங்குவது எல்லா ஊரிலும் எடுபடும். தீபாவளிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஊரிலிருந்து மக்ரூன் கொண்டுவாருங்கள். ஆனால் டப்பாவைத் திறக்கும்போதே சொல்லிவிடுங்கள்: முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. வெள்ளையாக இருப்பதால் பால் பலகாரம் என்று நினைத்து சைவக்காரரோ ஜைனரோ எடுத்துக் கடித்துவிட்டுப் பிறகு தெரிந்துகொண்டால், அந்த மனவருத்தத்தை எந்தப் பேச்சாலும் சரிசெய்ய முடியாது. மறுத்தால் நம் ஊர் மாதிரி மூன்று தடவை வற்புறுத்தவும் வேண்டாம். ஒரு தடவை நீட்டுங்கள், மேஜையில் வைத்துவிடுங்கள்.

முடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. பேச்சு வற்றும் வரை நிற்காதீர்கள்; நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே காரணம் சொல்லி விலகுங்கள். "மீட்டிங் இருக்கு, இன்னொரு நாள் மீதியைச் சொல்லுங்க" என்றால் அடுத்த சந்திப்புக்கு வழி வைத்துவிட்டுப் போகிறீர்கள். கன்னடத்திலும் நம்மைப் போலவே "போறேன்" என்று கிளம்புவதில்லை. "ஹோக்பர்த்தீனி", போய் வருகிறேன். பிறகு போனில் இரண்டு சொல் குறித்துக்கொள்ளுங்கள்: "சன்னபட்டண பெரியவர், மர பொம்மை." பத்து நாள் கழித்து அதே தர்ஷினியில் அவரைப் பார்த்தால் "ஊரிகெ ஹோகித்ரா சார்?", ஊருக்குப் போயிருந்தீர்களா என்று கேளுங்கள். அந்த முறை மேஜையில் இடம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்பதற்குள் அவரே தன் தட்டை நகர்த்தி வைப்பார்.